பாறைவிளைப் பரிபூரணமும் ஒரே பாத்திரமும்

பாறைவிளைக்குக் கிழக்கே, பனைகள் முடிந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில் ஒரு கல் குவாரி இருந்தது. வெடி வைத்துப் பிளந்த கற்களைப் பெண்கள் உட்கார்ந்து ஜல்லியாக உடைப்பார்கள். அந்தப் பெண்களில் ஒருவர்தான் பரிபூரணம் அம்மையார். மற்றவர்கள் சுத்தியலைக் கையில் பிடிப்பார்கள். அவர் கையில் கட்டிக்கொள்வார். பழைய சேலைக் கிழிசலின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சுத்தியல் காம்பை உள்ளங்கையோடு சேர்த்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்குவார். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் முழுசாக இருந்தன. மூன்று பாதியாக இருந்தன. இருந்தவையும் மடங்கி நிமிராமல் நின்றன.

கட்டி முடித்ததும் கையைத் தூக்கி வானத்துக்குக் காட்டுவார். "ஆண்டவரே, என் வேலை முடிஞ்சுது, கட்டியாச்சு. இனி உம்ம வேலை" என்பார். பிறகு அடி விழும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஸ்தோத்திரம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார், உதடு மட்டும் அசையும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் சாயங்காலம் வரைக்கும் எத்தனை அடி, எத்தனை ஸ்தோத்திரம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஆலயத்தில் ஒரு மணி நேரம் உட்காருவதற்குள் நமக்குக் கால் மரத்துப்போகிறது.

இருபத்தாறு வயதில் அவருக்கு அந்த நோய் வந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு தேமல். அதில் கிள்ளினாலும் உறைக்கவில்லை. ஒருநாள் கொதிக்கிற சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கிவிட்டு, கை வெந்தது தெரியாமல் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். கணவர் பார்த்துவிட்டார். மறுநாளே தொழுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "நீ உள்ளே போ, நான் வெற்றிலை வாங்கிட்டு வாரேன்" என்று வாசலில் சொன்னவர்தான். அந்த வெற்றிலை வரவே இல்லை. அடுத்த வருஷம் அவருக்கு வேறு கல்யாணம் ஆயிற்று என்று கேள்விப்பட்டபோது அம்மையார் அழுதார். மூன்று நாள் அழுதார். நாலாம் நாள் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் களை பறிக்கப் போய்விட்டார்.

ஆண்டுகள் கழிந்தன. புது மருந்துகள் வந்தன. நோய் முற்றிலும் தீர்ந்தது. இனி யாருக்கும் இவரால் தொற்றாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுச் சீட்டுக் கொடுத்தார். போன விரல்கள் மட்டும் போனவைதான். அந்தச் சீட்டை மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, பிறந்த ஊரான பாறைவிளைக்கே திரும்பி வந்தார். தாய் தகப்பன் இல்லை. ஊர் ஓரத்தில் ஓர் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனார். பாறைவிளை ஆலயம் பெரியது, மிஷனரி காலத்துக் கட்டடம். அவர் பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்ததும் அந்தப் பாய் முழுவதும் காலியாயிற்று. "பேரு பரிபூரணம், வெரல்ல பாதியக் காணோம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. அம்மையார் திரும்பிப் பார்த்துத் தாமும் சிரித்தார். "காணாமப் போன வெரல அவரு எடுத்து வச்சிருக்காரு. போகும்போது வாங்கிக்கிடுவேன்" என்றார்.

பாயை விட்டு எழுந்து போகலாம். ஆனால் திருவிருந்தில் என்ன செய்வது? ஊர்க்காரர்களுக்கு அதுதான் கவலை.

ஏன் என்று சொல்கிறேன். நம் பக்கத்தில் சொம்பில் வாய்வைத்துக் குடிக்கிற பழக்கம் இல்லை. அண்ணாந்து ஊற்றிக்கொள்வோம். சொந்தப் பிள்ளை வாய்வைத்த சொம்பைக்கூடக் கழுவிவிட்டுத்தான் எடுப்போம். அப்படிப்பட்ட ஊரில் எல்லாரும் ஒன்றன்பின் ஒன்றாக வாய்வைத்துக் குடிக்கிற பாத்திரம் ஒன்றே ஒன்றுதான். அது மாதத்தின் முதல் ஞாயிறு, பீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதியில் முழங்கால்படியிட்டு நிற்கும்போது, ஐயர் என்று நாம் கூப்பிடுகிற சபைக் குரு திராட்சரசம் கொடுக்கிற பாத்திரம். பண்ணையாரும் அதில்தான் குடிப்பார், பதநீர் காய்ச்சுகிறவரும் அதில்தான் குடிப்பார். இப்போது கல் உடைக்கிற பரிபூரணமும் அதில் வாய்வைக்கப் போகிறார்.

அப்போது சாலமோன் ஐயர் என்கிற முதியவர் குருவாக இருந்தார். கமிட்டிச் செயலாளர் மங்களராஜ் வாத்தியார். வாத்தியார் கெட்டவர் அல்ல. கண்டிப்பான பக்திமான். திருவிருந்துக்கு முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அப்பத்துணுக்கு ஒன்று தரையில் விழுந்துவிட்டால், குனிந்து விரல் நுனியால் ஒற்றி எடுத்து உட்கொண்ட பிறகுதான் நகருவார். அவர்தான் சமாதானமாக ஒரு யோசனை சொன்னார்: பரிபூரணம் கடைசி ஆளாக வரட்டும். எல்லாரும் குடித்தபிறகு அவர் குடிக்கட்டும்.

அம்மையாரிடம் கேட்டார்கள்.

"கடைசியிலயா? பாத்திரம் அதேதானே?"

"அதேதான்."

"அப்போ சரி" என்றார்.

கமிட்டிக்காரர்கள் ஒன்றை மறந்துபோனார்கள். திருவிருந்தில் மீந்ததைக் கொட்டக் கூடாது, எடுத்து வைக்கவும் கூடாது. அங்கேயே குடித்து முடிக்க வேண்டும். அது சபையின் ஒழுங்கு. ஆக, பரிபூரணம் கடைசி ஆள் இல்லை. அவருக்குப் பின்னால் இன்னும் ஒருவர் இருக்கிறார், ஐயர். சாலமோன் ஐயர், அம்மையார் வாய்வைத்த பாத்திரத்தைத் துடைக்காமல் அப்படியே தூக்கி மீதியைக் குடித்தார். பதினோரு வருஷம் மாதாமாதம் குடித்தார். எண்பத்திரண்டாம் வயதில் நல்ல தூக்கத்தில் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

அவருக்குப் பிறகு ஜெயசிங் ஐயர் வந்தார். குருத்துவக் கல்லூரியை முடித்து வந்த புதுசு. முதல் திருவிருந்துக்கு முந்தின நாள் வாத்தியார் அவர் வீட்டுக்குப் போய், சிவப்புப் பட்டுத்துணி சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். உள்ளே சின்னதாக ஒரு வெள்ளிக் கிண்ணம். சுத்த வெள்ளி.

"என் சொந்தச் செலவு ஐயரய்யா. அந்தப் பரிபூரணத்துக்குத் தனியா இதுல ஊத்திக் குடுத்திருங்க. உங்க வீட்டம்மா கைப்பிள்ளைக்காரி. நீங்க மீதியக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போயி பிள்ளையத் தூக்கணும்லா?"

தொழுநோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று ஜெயசிங் ஐயருக்குத் தெரியும். படித்தவர். ஆனால் வந்த மாதமே கமிட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நினைத்தார். அவர் பயந்தது நோய்க்கு அல்ல, மங்களராஜ் வாத்தியாருக்கு. கிண்ணத்தை வாங்கிவைத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மையார் கடைசி ஆளாகக் கிராதியில் முழங்கால்படியிட்டார். மடங்கிய கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து அப்பத்தை வாங்கிப் புசித்தார். அடுத்து முகத்தை உயர்த்தினார். அவருக்கு முன்னால் சின்னதாய் ஒரு வெள்ளிக் கிண்ணம் மினுங்கிற்று. பெரிய பாத்திரம் பீடத்தின்மேல் இருந்தது.

"ஐயரய்யா, இது யாருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்குத்தாம்மா."

"அது?"

"அது... சபைக்கு."

"அப்போ நான் யாரு?"

அம்மையார் உதடுகளை மூடிக்கொண்டார். கிண்ணம் அவர் வாயருகே வந்தது, காத்திருந்தது, திரும்பிப் போயிற்று. ஆசீர்வாதம் சொல்லியாயிற்று. சபை கலைந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி மணி அடிக்கிற கோயில்குட்டியார் சாவியோடு வந்து நின்றார்.

"யக்கா, கதவ அடைக்கணும்."

"அடைச்சுக்கோ தம்பி. நான் உள்ளதான் இருக்கேன்."

"உள்ள வச்சு அடைக்க முடியாதுக்கா. வாத்தியாரு என்னையச் சேத்து அடைச்சிருவாரு."

அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்காகப் போறேன். அவருகிட்ட சொல்லு, அடுத்த மாசமும் வருவேன்" என்று எழுந்து போனார்.

அடுத்த மாதமும் வந்தார். அப்பம் வாங்கினார். வெள்ளிக் கிண்ணம் வந்தது. உதடு மூடிற்று. ஊரெல்லாம் இதே பேச்சாயிற்று. தெருக்குழாயடியில் வாத்தியார் மனைவி கிருபைக்கனி எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "ஏட்டி பரிபூரணம், வெள்ளிக் கிண்ணம் ஆகாதாமே ஒனக்கு? தங்கத்துல செய்யச் சொல்லணுமோ?"

குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டே அம்மையார் சொன்னார்: "மைனி, நீங்க தகரத்துல குடுத்தாலும் குடிப்பேன். ஆனா நீங்களும் குடிச்ச தகரமா இருக்கணும்."

பக்கத்தில் நின்ற பெண்கள் குடத்துக்குள் முகத்தை மறைத்துச் சிரித்தார்கள். கிருபைக்கனி அம்மாளுக்கு முகம் கறுத்துப்போயிற்று.

மூன்றாம் மாதம் ஆலயத்தின் ஏழைகள் நிதியிலிருந்து அவருக்கு மாதாமாதம் வருகிற பத்துக் கிலோ அரிசியோடு ஒரு கடிதமும் வந்தது. ஆராதனையின் ஒழுங்குக்கு இடைஞ்சல் செய்கிறவர்களுக்கு இனி உதவி கிடையாது, இதுவே கடைசி என்று எழுதியிருந்தது. அம்மையார் கடிதத்தை அக்கம்பக்கத்தாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அரிசிப் பையை அவிழ்க்கவே இல்லை. தலையில் தூக்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனார். நடையில் இறக்கி வைத்தார்.

"என்ன இது?" என்றார் வாத்தியார்.

"ஒங்க அரிசிங்கய்யா. இது எனக்குக் குடுத்தது. வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்தப் பாத்திரம் நீங்க குடுத்தது இல்ல. அதுல என் பங்க வேண்டாம்னு சொல்ல எனக்கும் உரிமை இல்ல, இல்லைன்னு சொல்ல ஒங்களுக்கும் உரிமை இல்ல."

வந்த வழியே திரும்பி நடந்தார். அந்த மாதம் பல இரவுகள் நீராகாரம்தான். குவாரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கல் உடைக்கிற மாடத்தி, அம்மன் கோயிலுக்குப் போகிறவர், தம் கூழ்ச்சட்டியை நடுவில் வைத்து, "குடி யக்கா. எனக்கு அண்ணாந்தும் குடிக்கத் தெரியும், கவுந்தும் குடிக்கத் தெரியும்" என்பார். இருவரும் மாறிமாறி அதே சட்டியில் வாய்வைத்துக் குடிப்பார்கள். மடங்கிய விரல்களால் அம்மையாருக்குச் சொம்பை அண்ணாந்து பிடிக்க வராது. பாதி மார்பில் ஊற்றிவிடும். மாடத்திக்கு அது தெரியும்.

மாடத்தி ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்: "அடுத்த ஊர்ல ஒரு சபைக்காரரு உன்னையக் கூப்பிட்டாராமே. மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறேங்காரு. இங்க கெடந்து ஏங்க்கா அவமானப்படுத?"

"அவமானம் எனக்கா மாடத்தி? நான் ஒண்ணும் செய்யலியே. என்னையத் தண்ணியில முக்கி எடுத்துப் பேரு வச்ச வீடு இது. சொந்த வீட்டுல சோத்துத் தட்ட மாத்தி வச்சா, அடுத்த வீட்டுக்கா போவாங்க? வச்சவங்களக் கேக்கணும்."

"கேட்டா குடுக்கணுமே."

"குடுக்குத வரைக்கும் கேக்கணும்."

இப்படிக் கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. புது வருஷம் வந்து போயிற்று. ஏழு மாதம் அவர் உதட்டில் திராட்சரசம் படவில்லை. கேலி செய்தவர்களுக்கும் அலுத்துப்போயிற்று. ஆனால் அந்த மூடிய உதட்டுக்கு முன்னால் மாதாமாதம் போய் நிற்க வேண்டியவர் ஒருவர் இருந்தாரே, அவருக்குத் தூக்கம் போயிற்று. ஜெயசிங் ஐயர் ஒரு மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு குவாரிக்கே வந்துவிட்டார். கல்தூசிக்குள் அவர் வெள்ளை அங்கி மங்கிப்போயிற்று. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"அம்மா, நான் ஒங்ககிட்டக் கெஞ்ச வந்திருக்கேன். கிண்ணம் எதுவா இருந்தா என்ன? உள்ள இருக்கிறது ஒண்ணுதானே?"

அம்மையார் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. கையில் கட்டியிருக்கிறதே, எப்படி வைப்பது? மடியில் சாய்த்துக்கொண்டார்.

"ஐயரய்யா, பெரிய பாத்திரத்துக்குச் சொல்லுத ஜெபத்தைத்தானே சின்னக் கிண்ணத்துக்கும் சொல்லுதீங்க?"

"ஆமா."

"ரெண்டுலயும் அவருதான் இருக்காரு?"

"ஆமாம்மா. அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்போ அவரு எல்லார்கூடயும் பெரிசுல இருக்காரு, என்கூட மட்டும் தனியாச் சின்னதுல இருக்காரு. அவரையும் சேத்துல்ல ஒதுக்கி வச்சிருக்கீங்க! நான் வாயத் தொறந்தா அதுக்குச் சம்மதம்னு ஆயிரும். நான் சம்மதிக்க மாட்டேன்."

ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். "சபையார் பயப்படுறாங்கம்மா."

"பயப்படட்டும். நீங்க பயப்படுதீங்களா?"

ஐயர் எழுந்தார். குடையை மடக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போனார். மாடத்தி வாயில் கைவைத்துக்கொண்டார். "யக்கா, பாவம் யக்கா, சின்னப்பய." அம்மையார், "ஆமா, நல்ல பிள்ளை. அதனாலதான் கேட்டேன்" என்று மறுபடியும் கல்லை உடைக்கத் தொடங்கினார்.

இயேசு உயிர்த்தெழுந்த பண்டிகை, ஈஸ்டர், வந்தது. பாறைவிளையில் அன்றைக்கு இரண்டு ஆராதனை. விடியற்காலையில் ஒன்று, எட்டரை மணிக்கு ஒன்று. சென்னையிலும் பம்பாயிலும் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஒவ்வோர் ஆராதனைக்கும் எத்தனை பேர் கிராதிக்கு வருவார்கள் என்று பெயர் எழுதிக் கொடுப்பது செயலாளர் வேலை. வாத்தியார் முந்தின வாரம் வீடு வீடாகப் போய் எழுதினார். அவருக்கு அந்த வருஷம் ஒரு தவறு நேர்ந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்களின் பெயரை இரண்டு பட்டியலிலும் எழுதிவிட்டார். அவர்கள் எல்லாரும் விடியற்காலையிலேயே திருவிருந்து வாங்கிவிட்டார்கள். ஒரே நாளில் இரண்டு முறை வாங்குகிற வழக்கம் நம் சபையில் கிடையாது.

எட்டரை மணி ஆராதனையில் ஐயர் பட்டியலைப் பார்த்தே திராட்சரசம் ஊற்றினார். மிஷனரி காலத்துப் பெரிய பாத்திரம் அது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கழுத்துவரை ஊற்றி ஜெபித்தார். கிராதிக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. எல்லாரும் வந்து முடிந்தபோது பாத்திரத்தில் அரைக்கு மேல் அப்படியே நின்றது.

கடைசியாகப் பரிபூரணம் அம்மையார் வந்து முழங்கால்படியிட்டார். அப்பத்தை வாங்கிப் புசித்தார். முகத்தை உயர்த்தினார். வழக்கம்போல உதட்டை மூடிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

ஐயர் பீடத்தண்டை போனார். வெள்ளிக் கிண்ணம் வலப்பக்கத்தில் இருந்தது. அவர் கை அதைத் தாண்டிப் போயிற்று. பெரிய பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். முதல் வரிசையில் வாத்தியார் பலமாகச் செருமினார். ஐயர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாத்திரத்தைத் தாழ்த்தினார். ஏழு மாதமாக மூடியிருந்த உதடுகள் திறந்தன. அம்மையார் மடங்கிய விரல்களால் பாத்திரத்தின் அடியைத் தாங்கிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் நிறுத்தாமல் வழிந்தது.

ஐயர் பாத்திரத்தைத் துடைக்கவில்லை. அப்படியே தம் வாயில் வைத்துக் குடித்தார். ஏற்கெனவே விடியற்காலை ஆராதனையில் மீந்ததையும் அவர்தான் குடித்திருந்தார். முந்தின நாள் முதல் வெறும் வயிறு. நாலு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"மீதி நிறைய இருக்கு. என்னால முடிக்க முடியல. இப்ப என்கூடத் திருவிருந்து வாங்கினவங்க யாராவது வந்து குடிச்சு முடிக்கணும். அதுதான் ஒழுங்கு. வாங்க."

ஒருவரும் அசையவில்லை. விசிறி மட்டை வீசுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

வாத்தியார் எழுந்து கிராதிக்கு வந்து குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஐயரய்யா, அந்தம்மாவே வாய் வச்சாச்சு. மீதிய அவங்களே குடிச்சிரட்டும். பிரச்சினை முடிஞ்சுது."

அம்மையார் கண்ணைத் திறந்தார். இன்னும் முழங்காலில்தான் இருந்தார். இப்போது குரலைத் தாழ்த்தவில்லை.

"என் பங்கு ஒரு மடக்கு. குடிச்சிட்டேன். மீதி ஒங்களுக்குள்ளது. ஒங்க பங்க நான் எடுக்க மாட்டேன்."

"அப்போ வெளிய செடி மூட்டுல ஊத்திரலாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஐயரின் முகம் சிவந்தது. "இது கர்த்தருடைய இரத்தம்னு சொல்லித்தான் இப்ப எல்லாருக்கும் குடுத்தேன். நீங்களும் ஆமென்னு சொல்லித்தான் குடிச்சீங்க. அஞ்சு நிமிஷத்துல அது மாறிப்போச்சா? மண்ணுல ஊத்தணும்னா ஒங்கள்ல ஒருத்தர் வந்து ஊத்துங்க. நான் ஊத்த மாட்டேன்."

பாத்திரத்தைக் கிராதியின்மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வாத்தியார் அங்கேயே நின்றார். பாத்திரத்துக்குள் பார்த்தார். இவ்வளவு மீந்ததற்குக் காரணம் தம்முடைய பட்டியல் என்று அவருக்கு அந்த நேரத்தில்தான் விளங்கிற்று. தரையில் விழுந்த துணுக்கை ஒற்றி எடுக்கிற மனிதர் அவர். இதை எப்படிக் கொட்டுவார்? கொட்டவும் முடியாது, குடிக்கவும் முடியாது. அவருக்கு நோய்ப்பயம் உண்மையாகவே இருந்தது, பிள்ளைகளே. நடிப்பு இல்லை. அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அவருக்குள் இருந்தது. அது கர்த்தருக்குப் பயப்படுகிற பயம். பதினோரு வருஷம் ஏழு மாதமாக அந்த இரண்டு பயமும் ஒன்றையொன்று பார்க்காமல் அவருக்குள்ளே குடியிருந்தன. இன்றைக்கு நேருக்கு நேர் வந்துவிட்டன.

அம்மையார் ஏறிட்டுப் பார்த்தார். அவரைத் தப்புவிக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. ஆனால் முழங்காலில் இருந்தபடியே சற்றுத் தள்ளி, பக்கத்தில் இடம் விட்டார்.

மங்களராஜ் வாத்தியார் அந்த இடத்தில் முழங்கால்படியிட்டார்.

ஐயர் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். வாத்தியாரின் பல் பாத்திரத்தின் விளிம்பில் படபடவென்று அடித்த சத்தம் கடைசிப் பாய்வரை கேட்டது. குடித்தார். விழுங்கினார். மறுபடியும் குடித்தார். முகத்தை எடுத்தபோது அவர் மீசையில் திராட்சரசம் ஒட்டியிருந்தது.

"பரிபூரணம்" என்றார்.

"குடிச்சிட்டீங்கல்லா. போதும்" என்றார் அம்மையார்.

அப்போது பெண்கள் பக்கத்தில் வளையல் சத்தம். கிருபைக்கனி அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். "தள்ளிக்கோ மைனி" என்று அம்மையாருக்கு மறுபக்கத்தில் முழங்காலிட்டார். ஊரார் காதுபட அவர் அம்மையாரை மைனி என்று உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். அவருக்குப் பின்னால் குழாயடிப் பெண்கள் இரண்டுபேர். பிறகு கோயில்குட்டியார். அப்புறம் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், இருவர். எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னால் பொய். வாசல்வழியாக நழுவினவர்களும் உண்டு. வந்தவர்கள் போதுமானவர்களாக இருந்தார்கள். பாத்திரம் காலியாயிற்று. ஐயர் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தார்.

அடியார்களின் கதைகளில் ஆண்டவர் கனவில் வருவார், அசரீரியாகப் பேசுவார். பாறைவிளையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இங்கே அவர் மீதியாக நின்றார். என் அடியவள் குடித்த பிறகு யார் குடிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு, ஒரு பாத்திரத்தில், பாதிக்கு மேல், அசையாமல் நின்றார். கல் உடைக்கிற ஒரு பெண்ணுக்காக அவர் ஓர் ஊரையே காக்க வைத்தார் என்றால், அவளை அவர் எவ்வளவு பெரியவளாக எண்ணியிருக்க வேண்டும்!

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆளாகப் போகப் பரிபூரணம் அம்மையார் காத்திருக்கவில்லை. தம் பாயிலிருந்தவர்கள் எழுந்தபோது தாமும் எழுந்தார். பேறுகாலம் முடிந்து வந்த ஓர் இளம்பெண்ணுக்கும் காது கேளாத ஒரு கிழவருக்கும் நடுவில் அவருக்கு இடம் கிடைத்தது. பாத்திரம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. அவர் குடித்தார். வலப்பக்கமாகப் போயிற்று. அந்தக் கிழவர் குடித்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு, "இன்னைக்கு ரசம் இனிப்பு கொறவு" என்று ஊருக்கே கேட்கும்படி முணுமுணுத்தார்.

அம்மையார் அதன்பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தார். வாயைத் திறக்க மறுத்தே ஒரு சபையின் வாயைத் திறந்த அந்த அம்மையாருடைய பிடிவாதத்தில் ஒரு மடக்கு நமக்கும் கிடைக்கட்டும்.